காவலும் காத்திருப்பும்

காலை எட்டேகால் என்றால் தவளக்குப்பத்தில் எங்கள் தெருவில் கிரில் கதவுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்படும் நேரம். கடலூர் சாலையில் கல்லூரி வண்டிகளும் கம்பெனி வண்டிகளும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். 9 மணிக்குள் தெரு ஓய்ந்துவிடும். அப்புறம் எதிர்வீட்டு லேப்ரடார் புருனோ இரண்டு தடவை குரைக்கும். பதில் வராது. சற்றுப் பொறுத்து நீளமாக ஒரு ஊளை. மூன்றாம் வீட்டு மாடியிலிருந்து இன்னொரு நாய் அதை வாங்கிக்கொள்ளும்.

நான் கால்நடை மருந்தகத்தில் உதவியாளனாக 30 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். பசித்த நாயின் குரலும் வலியெடுத்த நாயின் குரலும் எனக்குத் தெரியும். இந்த ஊளை வேறு. வீட்டில் ஆள் இல்லை என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் கிடையாது. என் சிறு வயதில் இந்த ஊரில் இதை நான் கேட்டதே இல்லை. அது எப்படி எங்கள் தெருவுக்கு வந்தது என்று எனக்குத் தெரிந்தவரை எழுதிவைக்க நினைக்கிறேன்.

1960களில் எங்களுடையது ஓட்டு வீடு. முன்னால் திண்ணை, பின்னால் மாட்டுக்கொட்டகை, அதற்கு அப்பால் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லை. கருப்பன் என்றொரு நாய் இருந்தது. யாரும் வாங்கி வரவில்லை. ஒரு மழைக்காலத்தில் குட்டியாகத் திண்ணைக்கடியில் ஒதுங்கியது, அங்கேயே தங்கிவிட்டது. விடியலில் அப்பாவோடு கழனிக்குப் போகும். வெயில் ஏறினால் திரும்பி வந்து திண்ணை நிழலில் படுக்கும். திண்ணையில் ஆயா முறத்தோடு உட்கார்ந்திருப்பார். போகிறவர் வருகிறவரை எல்லாம் ஆயா பேரைச் சொல்லி விசாரிப்பார். கருப்பன் மோந்து விசாரிக்கும். மல்லாட்டை முற்றும் மாதத்தில் இரவெல்லாம் அப்பாவோடு கொல்லையில் காவல். நரி வந்து காயைத் தோண்டும், பெருச்சாளி வளைக்கு இழுத்துப்போகும். இரண்டையும் விரட்டிவிட்டு விடியலில் மூக்கெல்லாம் செம்மண்ணாக வந்து நிற்கும். கஞ்சியும் கருவாட்டுத் தலையும் கூலி.

பூட்டு என்ற ஒன்று உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போகும்போதுதான் எங்கள் வீட்டில் பெட்டியைவிட்டு வெளியே வரும். அன்றைக்கும் கருப்பன் தனியாக இருந்ததில்லை. தெரு இருந்தது, பக்கத்து வீட்டுக் கஞ்சி இருந்தது. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். கருப்பனுக்கு யாரும் ஊசி போட்டதில்லை. சொறி பிடித்தால் வேப்பெண்ணெய்தான் மருந்து. ஆறாவது வயதில் கடலூர் சாலையில் பேருந்தில் அடிபட்டுச் செத்தது. ஆனால் அது உயிரோடு இருந்த ஒரு நாளும் வேலையில்லாமல் கழிந்ததில்லை, துணையில்லாமலும் கழிந்ததில்லை.

நாய்க்கும் தமிழனுக்கும் இருந்த இந்த உறவுக்குக் கல்லில் ஒரு சாட்சி உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்ற ஊர். அங்கே கிடைத்த நடுகல், 7ஆம் நூற்றாண்டில் பல்லவன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கருந்தேவகத்தி என்ற வீரன் தன் எருமைகளைக் காக்கும் சண்டையில் விழுந்தான். அவன் உருவத்தோடு அவன் நாயின் உருவமும் அந்தக் கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்திருந்தது என்று கல்வெட்டு சொல்கிறது. 1400 ஆண்டுகள் ஆகியும் ஒரு நாயின் பெயர் நம்மிடம் இருக்கிறது.

அந்தக் காத்திருத்தல் என்ற சொல்லைப் பற்றி நான் பல நாள் யோசித்திருக்கிறேன். காவல் காப்பதும் ஒருவர் வரும்வரை பொறுத்திருப்பதும் நம் மொழியில் ஒரே வேரிலிருந்து வருகின்றன. கோவிவனும் சரி, எங்கள் கருப்பனும் சரி, காத்தபடி இருந்தார்கள். கையில் வேலை இருந்தது. இன்று கிரில் கதவுக்குப் பின்னால் இருக்கும் நாய்க்குக் காவல் போய்விட்டது, காத்திருப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இந்த மாற்றத்தில் முதலில் வந்தது சங்கிலி. அது வந்ததற்கு நியாயமான காரணமும் இருந்தது. வெறிநாய்க்கடி வந்தால் பிழைப்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். பாரிஸில் லூயி பாஸ்டர் 1885இல் ஒரு சிறுவனுக்கு முதல் தடுப்பூசி போட்டார். குன்னூரில் 1907இல் தென்னிந்திய பாஸ்டர் நிலையம் தொடங்கியது. பின்னர் வந்த, ஆட்டு மூளையில் தயாரித்த பழைய மருந்தைத் தொப்புளைச் சுற்றி நாள்தோறும் போட வேண்டும். ‘14 ஊசி’ என்று சொன்னாலே எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நாய்ப்பக்கம் போக மாட்டார்கள். 2004 இறுதியோடுதான் நாட்டில் அந்த மருந்து நிறுத்தப்பட்டது. இப்போது போடுவது கையில், அதுவும் சில ஊசிகள்தான். ஆனால் அந்தப் பயத்தில் கொல்லைப்புறத் தூணுக்குப் போன நாய், பயம் குறைந்த பிறகும் தூணைவிட்டு வரவில்லை.

அடுத்து வந்தது மனை. 1980களுக்குப் பிறகு கொல்லைகளில் கல் நட ஆரம்பித்தார்கள். மல்லாட்டை விளைந்த இடத்துக்கு நகர் என்று பெயர் வந்தது. திண்ணை வைத்துக் கட்டிய வீடுகள் இடிந்து, கிரில் வைத்த வீடுகள் எழுந்தன. தெற்கே கிருமாம்பாக்கம் பக்கம் மருத்துவக் கல்லூரிகள் வந்தன, சுற்றிலும் தொழிற்சாலைகள் வந்தன. வீட்டில் இரண்டு பேருக்கும் சம்பளம், பிள்ளைகளுக்குப் படிப்பு. எங்கள் அம்மாவின் தலைமுறைக்குக் கிடைக்காதது இந்தத் தலைமுறைப் பெண்களுக்குக் கிடைத்தது. அதில் எனக்கு முழுச் சந்தோஷம். ஆனால் பகலில் வீடு காலியாயிற்று.

அதே காலத்தில்தான் நாயும் மாறியது. நான் வேலையில் சேர்ந்தபோது மருந்தகத்துக்கு வந்தவை மாடு, ஆடு, கோழி. பிறகு ஒன்றிரண்டு பொமரேனியன் மடியில் உட்கார்ந்து வந்தன. 2003இல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு பக் நாய் சிறுவன் பின்னாலேயே ஓடியதைப் பார்த்து அந்த இனத்துக்கு நாடெங்கும் ஆசை பிறந்தது. மூக்கு குட்டையான அந்த நாயால் நம் கத்திரி வெயிலில் மூச்சுவிட முடியாது. நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது; நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். அப்படிப்பட்டதைத் தகரக் கூரையின் கீழ் கட்டிவிட்டு வேலைக்குப் போன வீடுகளிலிருந்து, மாலையில் மயங்கிய நாய்களைத் தூக்கி வந்திருக்கிறார்கள். ஈரச் சாக்கைப் போர்த்திக் காப்பாற்றியதும் உண்டு, கைவிட்டதும் உண்டு.

இதையெல்லாம் முன்னரே நினைத்துப் பார்த்தவர் ஒருவர் உண்டு. மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல். நடனத்துக்காகத்தான் பலருக்கு அவரைத் தெரியும். 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட அவர், விலங்குகளை வதைப்பதற்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அதன் பலனாக அரசே 1960இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தை இயற்றியது. 1962இல் சென்னையில் தொடங்கிய விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். அந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவு அளவுக்கு மீறிக் குட்டையான சங்கிலியில் விலங்கை நெடுநேரம் கட்டுவதைக் குற்றம் என்கிறது. எப்போதும் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாயை நடக்கவிடாமல் இருப்பதும் குற்றம் என்று தனியாகச் சொல்கிறது. முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். தொகை சிறியது. ஆனால் நாய்க்குச் சோறு போட்டால் மட்டும் போதாது, நடையும் வேண்டும் என்று 60 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார்களே, அது எனக்குப் பெரிது.

சட்டம் தெரிந்த நானும் தவறு செய்தேன். 2011 டிசம்பர் 30, தானே புயல் கரையேறிய விடியல். எங்கள் நாய் மணியை வழக்கம்போலக் கொட்டகைத் தூணில் கட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டோம். கூரை பறந்தது. காற்று அடங்கிப் போய்ப் பார்த்தபோது முருங்கைமரம் குறுக்கே கிடந்தது. மணி சுற்றிச் சுற்றி ஓடியதில் சங்கிலி முழுவதும் தூணில் சுருண்டு, கழுத்து தூணோடு ஒட்டி நின்றது. உட்காரக்கூட இடமில்லை. உயிர் மட்டும் இருந்தது.

அதற்குப் பிறகு மணியால் தனியாக இருக்க முடியவில்லை. நான் செருப்பைத் தொட்டாலே நடுங்கும். கதவைப் பிறாண்டி நகத்தில் ரத்தம் வரும். எனக்குத் தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவர் சொன்ன வழியில் மெல்ல மெல்லப் பழக்கினேன். செருப்பு போட்டுக்கொண்டு வெளியே போகாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு வாசல்வரை போய்த் திரும்பினேன். பிறகு 5 நிமிடம், 10 நிமிடம், அரை மணி. போகும்போது கொஞ்சிக் கும்பிட்டு விடைபெறுவதையும், வந்ததும் ஆரவாரம் செய்வதையும் நிறுத்தினேன். நான்கு மாதம் ஆயிற்று. ஒருநாள் நான் கிளம்பியபோது மணி படுத்திருந்த இடத்திலிருந்து தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி தூங்கியது. அன்றைக்கு நான் தெருமுனையில் நின்று அழுதேன்.

அப்போது கற்றதைத்தான் இன்று தெருவில் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். வேலைக்குப் போகுமுன் வெயிலுக்கு முன்னால் அரை மணி நேரம் நடத்துங்கள். அது ஓடுவதைவிட மோந்து பார்க்கட்டும், மூக்குக்கு வேலை கிடைத்தால்தான் மனம் களைக்கும். சோற்றைத் தட்டில் கொட்டாமல், முள் எடுத்த மீனோடு சிறு உருண்டைகளாக்கிக் கோணிச் சாக்கின் மடிப்புகளில் ஒளித்துவையுங்கள். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது இரண்டு மூன்று நாள் பழக்கிய பிறகு தனியே விடுங்கள். சாக்கைக் கிழித்துத் தின்கிற நாய்க்கு அது வேண்டாம். தண்ணீரை ஒன்றுக்கு இரண்டு மண்தொட்டியில், நிழலில் வையுங்கள். தெரு தெரிகிற ஜன்னலோரம் ஒரு மேடை போடுங்கள். சில நாய்க்கு அது திண்ணை. போகிறவர்களைப் பார்த்துக் கொதிக்கிற நாயாக இருந்தால் உள்ளறையே நல்லது. வளர்ந்த நாய் 6, 7 மணி நேரம் சிறுநீரை அடக்கும், குட்டியால் முடியாது. நடுவில் யாராவது ஒருவர் வந்தாக வேண்டும்.

அந்த ஒருவர் பல வீடுகளுக்கு நான்தான். என் வீட்டு ஆணியில் இப்போது 4 சாவிகள் தொங்குகின்றன. எதிர்வீட்டுப் பெண் செவிலியர். “பெரியப்பா, இன்னைக்கு நேரமாவும், புருனோவைக் கொஞ்சம் பாத்துக்குங்க” என்பாள். “நீ போய்ட்டு வாம்மா” என்பேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கொட்டியபோதும், அடுத்த சில நாட்களில் தென்பெண்ணை பெருகிப் பாகூர்ப் பக்கம் வெள்ளமானபோதும், எங்கள் தெருவில் ஒரு நாய்கூடச் சங்கிலியில் இல்லை. முதல் நாளே வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தேன்.

நண்பகலில் புருனோவைக் கூட்டிக்கொண்டு தெருக்கோடிக்குப் போவேன். அங்கே இன்னும் வீடு எழும்பாத மனை ஒன்று இருக்கிறது. எங்கள் மல்லாட்டைக் கொல்லையின் கடைசித் துண்டு அது. இப்போது வேறு ஒருவருடையது. வேப்பமர நிழலில் நான் நிற்பேன். புருனோ பெருச்சாளி வளையைக் கண்டுபிடித்து, முன்னங்காலால் மண்ணை வாரி இறைக்கும். கூப்பிட்டதும் திரும்பிப் பார்க்கும். மூக்கெல்லாம் செம்மண்.