கோமெட் லாரியின் கதை

வில்லியனூர் வழியாக விழுப்புரம் செல்லும் சாலையிலும், பாகூர் பக்கம் நெல் வயல்களுக்கு நடுவே ஓடும் சாலைகளிலும் தினமும் எத்தனையோ லாரிகள் போகின்றன. பல லாரிகளின் முகப்பில் 'அசோக் லேலண்ட்' என்று எழுதியிருக்கும். பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டதால் அது என்ன பெயர் என்று யாரும் யோசிப்பதில்லை. அசோக் என்பது ஒருவருடைய மகனின் பெயர். லேலண்ட் என்பது இங்கிலாந்தில் லங்காஷயர் பகுதியில் உள்ள ஒரு சிறிய ஊரின் பெயர்!

அந்த ஊரில் 1896ஆம் ஆண்டு நீராவி வண்டிகள் செய்ய ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. 1907இல் அது 'லேலண்ட் மோட்டார்ஸ்' ஆனது. தன் வண்டிகளுக்கு டைகர், ஹிப்போ, பீவர், ஆக்டோபஸ் என்று விலங்குகளின் பெயர்களை வைப்பது அதன் வழக்கம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1947இல், வெளிநாட்டுச் சந்தையை மனதில் வைத்து ஒரு லாரியை அறிமுகப்படுத்தியபோது விலங்கை விட்டுவிட்டு 'கோமெட்' என்று பெயரிட்டது. கோமெட் என்றால் வால்நட்சத்திரம்.

அந்தச் சமயத்தில் நம் பக்கத்தில் லாரிகள் எப்படி இருந்தன? போர்க்காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. பஸ், லாரிகளின் பின்பக்கம் கரி அடுப்பு போன்ற கலனைப் பொருத்தி, அதிலிருந்து வரும் வாயுவில் வண்டி ஓட்டினார்கள். மதுரை டி.வி.எஸ். நிறுவனமே அத்தகைய கலன்களைத் தயாரித்தது. அந்தத் தலைமுறைக்கு டீசலில் ஓடும் லாரி என்பது பெரிய மாற்றம்.

1948இல் ரகுநந்தன் சரண் என்பவர் தன் மகன் அசோக்கின் பெயரில் 'அசோக் மோட்டார்ஸ்' நிறுவனத்தைத் தொடங்கினார். சென்னைக்கு அருகே எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டித் தருவதுதான் முதல் வேலை. ஆனால் புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாட்டிற்குக் காரை விட லாரியும் பஸ்ஸும்தான் அதிகம் தேவை என்பதை அவர் உணர்ந்திருந்தார். லேலண்டுடன் பேச்சு நடந்தது. 1951இல் எண்ணூரில் பூட்டப்பட்ட முதல் நான்கு கோமெட் வண்டிகள் மங்களூர் ஓட்டுத் தொழிற்சாலைக்குப் போயின. சரண் ஒரு விமான விபத்தில் இறந்துவிட்டாலும் அவர் போட்ட திட்டம் நிற்கவில்லை. 1954இல் ஆண்டுக்கு 1,000 கோமெட்களைத் தயாரிக்க அரசு அனுமதி அளித்தது. 1955இல் நிறுவனம் 'அசோக் லேலண்ட்' ஆயிற்று.

அதே 1954 புதுச்சேரிக்கும் முக்கியமான ஆண்டு. அந்த ஆண்டு அக்டோபர் 18ஆம் தேதி வில்லியனூர் கொம்யூனில் உள்ள கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். 170 பேர் இந்தியாவுடன் இணைவதற்கு வாக்களித்தார்கள். நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியான இணைப்பும் முடிந்தது. வில்லியனூர், பாகூர் கிராமங்கள் தமிழகக் கிராமங்களோடு பின்னிக் கிடப்பவை. அதற்கு முன் ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குச் சரக்கு கொண்டு போவது என்றால் இரண்டு நாடுகளுக்கு இடையே சுங்கச் சோதனையைத் தாண்டுவதாகும். இணைப்புக்குப் பிறகு அந்தத் தடை நீங்கியது. நெல்லும் கரும்பும் செங்கல்லும் ஏற்றிய லாரிக்கு எல்லாம் ஒரே சாலையாகிவிட்டது. ஒரு வெள்ளைக்கார அரசு வெளியேறிய அதே காலத்தில், இன்னொரு வெள்ளைக்கார ஊரின் பெயரைத் தாங்கிய லாரி நம்முடையதாக மாறியது என்பது வேடிக்கையான ஒற்றுமை.

கோமெட் மட்டுமே ஓடியது என்று சொல்ல முடியாது. கல்கத்தா அருகே உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த பெட்ஃபோர்டும் இங்கிலாந்து வழி வந்ததே. சென்னை செம்பியத்தில் சிம்சன் நிறுவனம் தயாரித்த பெர்கின்ஸ் எஞ்சின்களும் அப்படித்தான். 1954இல் ஜெர்மனியின் மெர்சிடிஸ் பென்ஸுடன் கூட்டுச் சேர்ந்து டாடா போட்டிக்கு வந்தது. ஆனாலும் கோமெட் தளரவில்லை. 1963வாக்கில் நாட்டில் 8,000க்கும் மேற்பட்ட கோமெட்கள் ஓடின.

பவர் ஸ்டியரிங் இல்லாத காலம் அது. ஸ்டியரிங்கைத் திருப்பத் தோள் பலம் வேண்டும். டபுள் கிளட்ச் போடாமல் கியர் மாற்றினால் பல்சக்கரம் உறுமும். கம்பெனியிலிருந்து பெரும்பாலும் அடிச்சட்டமும் எஞ்சினும்தான் வரும். கேபினையும் தொட்டியையும் நம் ஊர்ப் பட்டறைகளில் மரத்தாலும் தகட்டாலும் கட்டினார்கள். நாமக்கல், திருச்செங்கோடு பட்டறைகள் இத்தொழிலில் பெயர் பெற்றவை. எனவே எஞ்சின் ஆங்கிலேய வடிவமைப்பாக இருந்தாலும் முகமும் வண்ணமும் தமிழ்நாட்டுடையவை. ஒரு லாரி போல் இன்னொன்று இருக்காது.

பிறகு தாய் நிறுவனத்தின் நிலை என்ன ஆயிற்று? 1968இல் பல கம்பெனிகளோடு இணைக்கப்பட்டு 'பிரிட்டிஷ் லேலண்ட்' ஆனது. நஷ்டம் தாங்காமல் 1975இல் அரசுடைமையானது. 1987இல் அதன் லாரிப் பிரிவு டச்சு நிறுவனமான டாஃப் உடன் சேர்ந்தது. அதே ஆண்டு எண்ணூர் நிறுவனத்தில் இருந்த ஆங்கிலேயப் பங்குகளை இந்துஜா குழுமம், இத்தாலியின் இவெகோவுடன் சேர்ந்து வாங்கியது. தாய் தளர்ந்தது. பிள்ளை இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர்கள் நம்மை முந்திவிட்டார்கள். லேலண்ட் ஊரிலேயே 1983இல் பழைய லாரிகளுக்கென்று ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். லண்டனிலிருந்து பிரைட்டன் வரை பழைய லாரிகள் ஊர்வலம் போவதும் உண்டு. ஆர்வலர்கள் புகைப்படங்களையும் நினைவுகளையும் ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்கிறார்கள். நம் நாட்டில் பழைய கார்களுக்கு அணிவகுப்பு உண்டு. கோவையில் கார் அருங்காட்சியகமே இருக்கிறது. லாரிக்கு அந்த மரியாதை இல்லை. கார் செல்வத்தின் அடையாளம், லாரி உழைப்பின் அடையாளம் என்பதாலோ என்னவோ, ஓடி முடித்த லாரி பழைய இரும்புக் கடைக்குப் போய்விடுகிறது.

மிஞ்சுவது புகைப்படங்கள்தான். ஆயுத பூஜை அன்று மாலை போட்ட வண்டியின் முன் நிற்கும் டிரைவர், பக்கத்தில் கிளீனர், மடியில் குழந்தை. இத்தகைய படங்கள் பல வீட்டு ஆல்பங்களில் தூங்குகின்றன. படத்தின் பின்புறம் ஆண்டு, ஊர், வண்டியின் பெயர், என்ன சரக்கு, எந்த வழி என்று ஐந்தே வரிகள் எழுதி வைத்தால் போதும், அது வரலாற்று ஆவணம் ஆகிவிடும். கோமெட் ஓட்டிய கைகள் இன்று முதுமையில் நடுங்குகின்றன. கேட்டு எழுத வேண்டியதை இப்போதே கேட்டு எழுதினால்தான் உண்டு!