'சுகர் இல்லை' என்பது கணினிக்குப் புரியுமா?

ஈஜிபுராவில் இருந்து பக்கத்து கோரமங்களா மருத்துவமனைக்குப் போறீங்க. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'நோ டிஎம்' என்று எழுதுகிறார்கள். சுகர் இல்லை என்று அர்த்தம். ஆனால் 'டிஎம்' என்ற சொல்லை மட்டும் தேடும் மென்பொருள், உங்களையும் சுகர் பட்டியலில் சேர்த்துவிடும்.

இதைத் தடுக்க 2001-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட வழிமுறைதான் 'நெக்எக்ஸ்'. நோயின் பெயருக்கு அருகே 'நோ', 'டினைஸ்' போன்ற மறுப்புச் சொல் இருக்கிறதா என்று அது பார்க்கும். ஆங்கிலத்தில் மறுப்பு பெரும்பாலும் முன்னால் வரும். தமிழிலோ 'காய்ச்சல் இல்லை' என்று பின்னால். ஆங்கில விதியை அப்படியே தமிழுக்குப் போட முடியாது.

உங்க 14 இலக்க ஆபா எண்ணுடன் பதிவுகளை இணைத்தால், தவறான வரியும் அடுத்த மருத்துவமனைக்குக் கூடவே வரும். சம்மரியை வாங்கியதும் படிங்க. உங்களுக்கு இல்லாத நோய் அதில் இருந்தால், உடனே திருத்தித் தரச் சொல்லுங்க.