முத்துக்குளிப்போர் மூட்டுநோய்

கடலடியில் மூழ்கித் தொழில் செய்வோருக்குத் தோள், இடுப்பு, முழங்கால் ஆகியவற்றில் வரும் வலியும், நாள்பட்டு நேரும் எலும்புச் சிதைவும். இங்கு தூத்துக்குடிக் கரையின் முத்து, சங்கு குளிப்போரை ஒட்டி விவரிக்கப்படுகிறது.

கொற்கையில் முத்தெடுத்தவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்கிறது பெரிப்ளூஸ் என்னும் பண்டைக் கிரேக்கக் கடல்வழி நூல். மார்க்கோ போலோ, சுறாவின் வாயைக் கட்டும் மந்திரக்காரருக்கு இருபதில் ஒரு பங்கு போனதைக் கூறுகிறார். குளித்தவரின் உடம்பைப் பற்றிப் பேச்சில்லை.

விரிவான சித்திரம் இராபர்ட் பெர்சிவல் 1803-இல் வெளியிட்ட இலங்கை நூலில் கிடைக்கிறது. அவர் கண்டது அக்கரைச் சலாபம், அதாவது இலங்கைக் கரையின் முத்துக்குளிப்பு. ஆனால் குளித்தவர்களில் பலர் இக்கரையினர். கருங்கல் கட்டிய கயிற்றை வலக்கால் விரல்களாலும் வலைப்பையை இடக்கால் விரல்களாலும் பற்றி, ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்குவர். கால்விரல்களுக்கு இத்தனை வேலை வைத்த தொழில் வேறு உண்டா என்பது ஐயமே. மேலே வந்ததும் வாய், காது, மூக்கு வழியே நீரும், பல வேளை இரத்தமும் வரும். ஆயினும் முறை வந்ததும் மறுபடி குதிப்பர். ஒரு நாளில் நாற்பது, ஐம்பது முழுக்கு. இரத்தத்தைக் குறித்தவர் மூட்டைக் குறிக்கவில்லை.

நோயின் காரணம் வேறிடத்தில் துலங்கியது. அழுத்தத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன், விரைந்து மேலேறும்போது குமிழாவதைப் பால் பெர் 1878-இல் விளக்கினார். படிப்படியாக மேலேறும் அட்டவணையை ஹால்டேன் 1908-இல் தந்தார். ஹாம்பர்க்கில் அழுத்தக் காற்றில் சுரங்கப்பாதை தோண்டிய தொழிலாளரின் எலும்புச் சிதைவு 1911-இல் பதிவாயிற்று. குமிழே இரத்த ஓட்டத்தை அடைக்கிறதா, கொழுப்புத் துகள்களுக்கும் பங்குண்டா என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது.

மூச்சடக்கிக் குளிப்போர் கரைக்கும் நைட்ரஜன் சொற்பம். எனினும் பசிபிக்கின் துவாமோட்டு தீவுகளில், 30 மீட்டருக்கும் கீழே அடுத்தடுத்து முழுகிய முத்துக்குளிப்போருக்குத் தலைசுற்றலும் கைகால் செயலிழப்பும் கண்டதுண்டு. நம் பார்களின், அதாவது முத்துச்சிப்பித் திட்டுகளின், ஆழம் பெரும்பாலும் 5 முதல் 10 பாகம், அதாவது 9 முதல் 18 மீட்டர். ஆகவே அந்த ஆபத்து இங்கு குறைவாயிருந்திருக்கலாம்.

தூத்துக்குடியின் கடைசி அரசு முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. சங்குகுளிப்பு தொடர்கிறது. படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து குழாய்வழி காற்று வருவதால் நெடுநேரம் அடியில் இருக்க முடிகிறது. நைட்ரஜனும் அதற்கேற்பச் சேர்கிறது. மூட்டை ஒட்டிய எலும்பு சிதைந்தால், மேற்பரப்பு உள்வாங்கும் வரை வலி தெரியாமலே இருக்கலாம். கரையேறியதும் தோளில் வலி கண்டால் உடனே ஆக்சிஜன் தந்து, அழுத்த அறைக்குக் கொண்டுசெல்வதே சிகிச்சை.