புதிய செயற்கைக்கோளை லேசரால் அளப்பது எப்படி? விழுப்புரம் - திண்டிவனம் தூரத்தை வைத்து ஓர் எளிய விளக்கம்

விழுப்புரத்தில் இருந்து திண்டிவனத்துக்கு சாலை வழியாக சுமார் 40 கிலோமீட்டர். பஸ்ஸில் போனால் முக்கால் மணி நேரம் ஆகும். அதே தூரத்தை ஒளி ஒரே ஒரு நொடியில் சுமார் 3,700 முறை போய் வந்துவிடும். இந்த வேகத்தையே அளவுகோலாக வைத்துத்தான் விண்ணில் இருக்கும் செயற்கைக்கோளின் தூரத்தை அளக்கிறார்கள். இதற்குப் பெயர் 'லேசர் ரேஞ்சிங்'.

எப்படி வேலை செய்கிறது?

தரையில் இருக்கும் நிலையம், தொலைநோக்கி வழியாக மிகக் குறுகிய லேசர் துடிப்பை அனுப்பும். அது செயற்கைக்கோளில் பட்டுத் திரும்பும். போய் வந்த நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கி, இரண்டால் வகுத்தால் தூரம் கிடைத்துவிடும். கணக்கு அவ்வளவுதான். ஆனால் ஒரு சென்டிமீட்டர் துல்லியம் வேண்டுமென்றால், ஒரு நொடியை 1,500 கோடி பங்காக்கி அதில் ஒரு பங்கு வரை நேரத்தை அளக்க வேண்டும்.

ஒளி சரியாகத் திரும்பி வருவது எப்படி?

திண்டிவனம் தாண்டி இரவில் கார் ஓட்டியவர்களுக்குத் தெரியும். ஹெட்லைட் பட்டதும் சாலையில் பதித்த ரிஃப்ளெக்டர்கள் பளிச்சென்று மின்னும். எந்தப் பக்கம் இருந்து ஒளி வந்ததோ, அந்தப் பக்கமே திருப்பி அனுப்புவதுதான் அவற்றின் வேலை. இதே தத்துவத்தில், ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று முகங்கள் கொண்ட 'கார்னர் க்யூப்' பிரதிபலிப்பான்களை செயற்கைக்கோளில் பொருத்துகிறார்கள். இவற்றுக்கு மின்சாரம் தேவையில்லை.

இந்தியா பயன்படுத்தியிருக்கிறதா?

ஆம். 2013 ஜூலை 1-ம் தேதி இரவு ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து பி.எஸ்.எல்.வி-சி22 மூலம் ஏவப்பட்ட ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்-1ஏ, நம் நாட்டின் 'நாவிக்' வழிகாட்டி அமைப்பின் முதல் செயற்கைக்கோள். அதில் இந்தப் பிரதிபலிப்பான்கள் உண்டு. சுமார் 36,000 கிலோமீட்டர் உயரம் என்பதால், லேசர் போய் வரவே கால் நொடி ஆகும். ஆஸ்திரேலியாவின் யாரகடீ போன்ற சர்வதேச லேசர் ரேஞ்சிங் சேவை நிலையங்கள் நாவிக் செயற்கைக்கோள்களை அளந்துள்ளன. தமிழ்நாட்டுக்கும் இதில் பழைய தொடர்பு உண்டு. ஜவ்வாது மலையில் உள்ள காவலூரில், சோவியத் ஒத்துழைப்புடன் இஸ்ரோ இத்தகைய நிலையத்தை நடத்தியது.

ஏவியதுமே அளந்துவிட முடியுமா?

முடியாது. லேசர் கற்றை மிகவும் குறுகலானது. செயற்கைக்கோள் எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே தெரியாவிட்டால் குறி தப்பிவிடும். எனவே முதலில் ரேடியோ அலைகள் மூலம் பாதையைக் கணித்து, அந்தக் கணிப்பை நிலையங்களுக்கு அனுப்புவார்கள். அதன் பிறகுதான் தொலைநோக்கி குறி வைக்கும். அப்போதும் திரும்பி வருவது ஒரு சில ஒளித்துகள்கள் மட்டுமே.

ரேடியோ அலையே போதாதா?

வளிமண்டலத்தின் மேலே உள்ள அயனி மண்டலம் ரேடியோ அலையைத் தாமதப்படுத்தும். காந்த நடுக்கோடு தென்னிந்தியா வழியாகச் செல்வதால் இங்கே அந்தப் பாதிப்பு அதிகம். லேசருக்கு அந்தத் தொல்லை இல்லை.

இன்னொரு முக்கியக் காரணம், கடிகாரம். வழிகாட்டி செயற்கைக்கோளின் கடிகாரம் ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு தவறினாலே, தூரக் கணக்கு 30 சென்டிமீட்டர் பிசகும். ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்-1ஏ-வில் இருந்த மூன்று அணுக் கடிகாரங்களும் பின்னாளில் செயலிழந்தன. லேசர் அளவீடு தரையில் உள்ள கடிகாரத்தை மட்டுமே நம்புகிறது. அதனால் பிழை பாதையிலா, கடிகாரத்திலா என்று பிரித்துப் பார்க்க முடிகிறது.

நமக்கு என்ன பயன்?

செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்பது துல்லியமாகத் தெரிந்தால்தான், கீழே இருப்பவர் எங்கே இருக்கிறார் என்பதும் சரியாகக் கிடைக்கும். நடுக்கடலில் இருக்கும் மீனவர்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பவும் நாவிக் பயன்படுகிறது. மரக்காணத்தில் இருந்து கடலுக்குப் போகிறவர்களுக்கு இது உயிர்ப் பிரச்னை.

குறையே இல்லையா?

இருக்கிறது. மேகம் மறைத்தால் லேசர் வேலை செய்யாது. வடகிழக்குப் பருவமழை கொட்டும் நாட்களில் நம் வானத்தை நம்பி அளக்க முடியாது. விமானம் குறுக்கே வந்தாலும் லேசரை நிறுத்தியாக வேண்டும். அதனால்தான் ஒரே இடத்தை நம்பாமல், உலகம் முழுக்கப் பல நிலையங்கள் சேர்ந்து இந்த வேலையைச் செய்கின்றன.