ஈரெழுத்து, மூன்று நாடு

12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹொங் மாய் என்ற சீன அறிஞர், தம் குறிப்பு நூலில் இரண்டு நீர்ப்பறவைகளைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். ஒன்று, கரையோரம் அசையாமல் நின்று, மீன் தானாக வந்தால் கொத்தும்; ஔவையார் பாடிய கொக்கின் சுபாவம். மற்றது வாத்துச் சாயல் உள்ளது. சேறு, அழுகிய புல் என்று எதையும் விடாமல் கிளறிக்கொண்டு நீர்மேல் அங்குமிங்கும் ஓடும். ஒரு கணம் ஓயாது. இந்த ஓயாத பறவையின் பெயரை எழுதிய அதே இரண்டு எழுத்துகளைத்தான் இன்று ஜப்பானியர் மாங்கா என்றும், கொரியர் மான்ஹ்வா என்றும், சீனர் மான்ஹுவா என்றும் வாசிக்கிறார்கள். பறவையின் பெயர்தான் படத்துக்கு வந்தது என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. உண்மையோ இல்லையோ, பொருத்தம் என்னவோ பிரமாதம்.

முதல் எழுத்துக்குக் கரைபுரள்வது, கட்டில்லாமல் திரிவது, போகிற போக்கில் செய்வது என்று பல பொருள். இரண்டாம் எழுத்து, படம். சேர்த்தால் 'மனம்போன போக்கில் வரைந்தது' என்று ஆகிறது. கதை என்ற பொருள் இந்தச் சொல்லுக்குள் எங்கும் இல்லை. அதைக் காலம்தான் பின்னால் கொண்டுவந்து வைத்தது. தமிழில் கேலிச்சித்திரம் வேறு, சித்திரக்கதை வேறு. அங்கே இரண்டையும் ஒரே சொல் சுமக்கிறது.

சொல்லுக்குப் பெரும்புகழ் தேடித் தந்தவர் ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய். 1812இல் நகோயாவில் ஒரு மாணவர் வீட்டில் தங்கியிருந்தபோது நூற்றுக்கணக்கான சிறு படங்களை வரைந்து தள்ளினார். அவற்றிலிருந்து 1814இல் 'ஹொகுசாய் மாங்கா' முதல் தொகுதி மரப்பலகை அச்சில் வந்தது. பதினைந்தாவதும் கடைசியுமான தொகுதி வந்தது 1878இல். ஓவியர் இறந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து. அடிப்படையில் இது ஓவியம் கற்பவர்களுக்கான மாதிரிப் புத்தகம். குளிக்கும் தடியர்கள், மல்லர்கள், மீன்கள், பேய்கள், முகத்தைக் கோணலாக்கிச் சேட்டை செய்பவர்கள் என்று பக்கம் நிரம்பி வழியும். மூன்றாம் தொகுதியில் 'குருவி ஆட்டம்' ஆடும் மனிதர்களைக் காணலாம். ஒருவர் காலைத் தூக்குகிறார், இன்னொருவர் கையை விரிக்கிறார், வேறொருவர் முதுகைக் காட்டித் திரும்புகிறார். கண் வரிசையாக ஓடும்போது உருவங்கள் தாமே ஆடுவதுபோல் ஒரு மயக்கம். அது கதையில்லை. ஆனால் கதைக்கு வேண்டிய அசைவு அங்கே வந்துவிட்டது.

இடையில் ஒரு வெளிநாட்டுச் சொல்லும் புகுந்து புறப்பட்டது. 1862இல் யோக்கோஹாமாவில் சார்லஸ் விர்க்மன் என்ற ஆங்கிலேயர் 'ஜப்பான் பஞ்ச்' என்ற நகைச்சுவை இதழைத் தொடங்கினார். அதிலிருந்து ஜப்பானியர் கேலிப் படங்களைப் 'பொஞ்சி' என்றார்கள். மலிவான படங்கள் பெருகப் பெருக அந்தச் சொல் மட்டமாகிப் போனது. 1902இல் கித்தாசாவா ராக்குத்தென், 'ஜிஜி ஷிம்போ' நாளிதழின் ஞாயிறு இணைப்பில் தம் பகுதிக்கு 'ஜிஜி மாங்கா' என்று பெயர் வைத்தார். பொஞ்சியின் வாசனை ஒட்டாமல் இருக்கப் பழைய சொல்லைத் தூசிதட்டி எடுத்தார் எனலாம். தொழிலாக மாங்கா வரைந்த முதல் ஜப்பானியர் என்று அவரைச் சொல்வது வழக்கம்.

இதற்குப் பிறகு ஜப்பானிய மாங்காவைப் பற்றி எழுத உட்காருகிற எவரும் பெரிய கண்களில் வந்து நிற்பார்கள். 'கண் வழியே உள்ளத்தைக் காட்டும் கீழை மரபு' என்று அழகாக ஒரு விளக்கமும் கிடைக்கும். உண்மை கொஞ்சம் கலப்படமானது. 1947இல் 'புதிய புதையல் தீவு' மூலம் தலையெடுத்த தெசுகா ஒசாமு, வால்ட் டிஸ்னி படங்களில் ஊறியவர். அவர் வளர்ந்த தகாராசுக்கா ஊர், பெண்களே எல்லா வேடமும் கட்டும் இசை நாடகக் குழுவுக்குப் பேர்போனது. மேடை விளக்கில் மின்னும் மை தீட்டிய கண்களைப் பார்த்து வளர்ந்தவர் 1953இல் வரையத் தொடங்கிய 'ரிபோன் நோ கிஷி' கதையில் அந்த மேடையின் சாயல் அப்பட்டம். ஆக அந்தக் கண்ணில் பாதி அமெரிக்கா, பாதி தகாராசுக்கா.

ஜப்பானின் தனித்தன்மையைத் தேட வேண்டிய இடம் வேறு: மொழியும் தாளும். எழுத்து மேலிருந்து கீழாகவும் வலமிருந்து இடமாகவும் ஓடுவதால் கட்டங்களும் அப்படியே ஓடுகின்றன. நம் இரட்டைக்கிளவிபோல ஜப்பானியத்தில் ஒலிக்குறிப்புச் சொற்கள் ஏராளம். நெஞ்சு படபடத்தால் 'தொக்கி தொக்கி'. ஓசையே இல்லாத அமைதிக்கும் 'ஷீன்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அதையும் கொட்டை எழுத்தில் படத்துக்குள்ளேயே வரைவார்கள். பிறகு, மலிவுத் தாள். 1968இல் தொடங்கிய 'ஷோனென் ஜம்ப்' இதழ், சொரசொரப்பான காகிதத்தில் தலையணை கனத்துக்கு வரும். 1990களின் நடுவில் அதன் விற்பனை 65 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. அவ்வளவு பக்கங்களுக்கு வண்ணம் கட்டுப்படியாகாது, கறுப்பு மைதான். பக்கம் தாராளமாக இருப்பதால், வாள் உறையைவிட்டு வெளிவருவதற்குள் நாலு பக்கம் ஓடினாலும் யாரும் கேட்கமாட்டார்கள்.

சொல் சீனத்துக்குத் திரும்பிய கதைக்கு ஒரு முகம் உண்டு: ஃபெங் ஸிகாய். 1921இல் ஜப்பானுக்குப் படிக்கப் போனவர், அங்கே தக்கேஹிசா யுமேஜியின் தூரிகைப் படங்களில் மனதைப் பறிகொடுத்தார். ஊர் திரும்பி அவர் வரைந்த படங்களை ஷாங்ஹாய் இதழ் ஒன்று 1925இல் 'ஸிகாய் மான்ஹுவா' என்ற தலைப்பில் வெளியிட, சொல் நாடெங்கும் பரவியது. அவருடைய ஆரம்பகாலப் படங்களில் ஒன்றைப் பார்த்தால் போதும்: ஒரு மேசை, சில தேநீர்க் கோப்பைகள், சுருட்டிய மூங்கில் தட்டி, பிறைநிலா. ஆளே இல்லை. வந்தவர்கள் பேசிவிட்டுப் போய்விட்டார்கள் என்று தெரிகிறது. சிரிப்பும் இல்லை, கேலியும் இல்லை. பழங்கவிதை வரிக்குப் படம் போடும் சீன அறிஞர் மரபு, புதுப் பெயரில் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஆனால் சீனத்தில் கதை சொல்லும் படத்துக்கு இந்தப் பெயர் நெடுங்காலம் ஒட்டவில்லை. உள்ளங்கை அளவுப் புத்தகம், பக்கத்துக்கு ஒரே படம், படத்தோடு இரண்டு மூன்று வரி என்று வந்தவற்றை லியன்ஹுவான்ஹுவா, அதாவது சங்கிலிப் படம், என்றார்கள். தெருவோரக் கடைகளில் வாடகைக்கு எடுத்து அங்கேயே உட்கார்ந்து படிப்பது வழக்கம். இதைக் குப்பை என்றவர்களுக்கு எதிராக 1932இல் எழுத்தாளர் லூ ஷுன் பேனா பிடித்தார். ஹாங்காங் தனி வழியில் போனது. வாங் யுக்-லோங் 1970இல் தொடங்கிய தற்காப்புக் கலைத் தொடரில் குத்தும் உதையும் ரத்தமுமாக இருந்ததால், 1975இல் ஆபாச வெளியீடுகளுக்கு எதிரான சட்டம் வந்தபோது பெயரையே மாற்றவேண்டி வந்தது. இன்று மான்ஹுவா என்றதும் பலர் நினைக்கும் முழுவண்ணச் சண்டைக் காட்சிகளின் வேர் அங்கேதான்.

கொரியாவில் சொல்லின் வாழ்க்கை முழுக்கத் தணிக்கையோடு போட்ட மல்லுக்கட்டு. 1909இல் 'தேஹான் மின்போ' நாளிதழில் லீ தோ-யொங் கருத்துப்படம் வரையத் தொடங்கினார். மறு ஆண்டே கொரியாவை ஜப்பான் விழுங்கியது, இதழும் நின்றது. விடுதலைக்குப் பின்னும் நிம்மதியில்லை. கிம் சொங்-ஹ்வான் படைத்த 'கோபாவு' தாத்தாவுக்குத் தலையில் ஒரே ஒரு மயிர். கோபமோ அதிர்ச்சியோ வந்தால் அது விறைத்து நிற்கும். (சீனச் சித்திரக்கதைச் சிறுவன் சான்மாவோவுக்கு மூன்று. இரு நாட்டு ஓவியர்களும் மயிரில்தான் கைவைத்திருக்கிறார்கள்.) 1958 ஜனவரியில் வந்த நான்கு கட்டப் படத்தில், மலம் அள்ளும் தொழிலாளர் எதிரே வரும் இன்னொரு மலம் அள்ளுபவரைக் குனிந்து வணங்குகிறார். யார் அவர் என்று கேட்டால், அதிபர் மாளிகையில் மலம் அள்ளுகிறவராம். அதிகாரத்தின் நிழலுக்குக்கூடக் கும்பிடு போடும் காலத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. அரசு வழக்குப் போட்டு அபராதம் விதித்தது. தொடரோ 2000 வரை 14,139 படங்கள் ஓடியது.

1997இன் பொருளாதார நெருக்கடியில் பதிப்பகங்கள் தள்ளாடின. அகன்ற அலைவரிசை வீடுதோறும் வந்த நேரம் அது. 2003இல் தாவும் என்ற நிறுவனமும், 2004இல் நேவர் என்ற நிறுவனமும் தங்கள் இணையதளங்களில் மான்ஹ்வாவுக்கு இடம் ஒதுக்கின. 'வெப்டூன்' என்ற புதுச்சொல் பரவியது. பக்கம் ஒழிந்தது, விரலால் தள்ளத் தள்ளக் கதை கீழே இறங்குகிறது. இரண்டு கட்டங்களுக்கு நடுவே விடும் வெற்றிடத்தின் நீளம்தான் இங்கே காலம். மையை மிச்சம் பிடிக்கவேண்டிய கட்டாயம் திரைக்குக் கிடையாது என்பதால் வண்ணம் இயல்பாக வந்தது. யுன் தே-ஹோவின் 'மிசெங்' 2012இல் இந்த வடிவத்தில்தான் வந்தது. பதுக் என்ற பலகையாட்டத்தில் தோற்ற இளைஞன் ஒப்பந்த ஊழியனாகி அலுவலகத்தில் படும் பாடு அந்தக் கதை. இதில் எந்தப் பண்டைக் கொரியக் கலையையும் தேடவேண்டாம். நிரந்தர வேலை கிடைக்காத ஒரு தலைமுறை அதில் இருக்கிறது.

'அந்தந்த நாட்டின் ஆன்மா கோட்டில் தெரிகிறது' என்ற பேச்சு ஓவியர்களின் கையைப் பார்க்கிறது. அச்சகத்தை, தணிக்கை அதிகாரியை, வாடகைக் கடையை, கைபேசியை விட்டுவிடுகிறது. கோடு மாறியதில் பெரும்பங்கு இவற்றுக்கே. செங்குத்து வாசிப்பு இன்று ஜப்பானுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கே அதற்கு 'ததேயோமி மாங்கா' என்று பெயர். மான்ஹ்வா என்ற சொல்லும் தனிக்குடித்தனம் போய்விட்டது. 2021 செப்டம்பரில் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி ஒரே தவணையில் சேர்த்துக்கொண்ட 26 கொரியச் சொற்களில் அதுவும் ஒன்று.