கேட் போட்டுட்டான்!

அம்பத்தூர், ஆவடிப் பக்கம் ரொம்ப வருடமாக இருப்பவர்களுக்கு இந்த இரண்டு வார்த்தையின் கனம் தெரியும். வேலைக்குத் தாமதமாகப் போனால் தொழிற்பேட்டையில் எவரும் மறுத்துப் பேசாத ஒரே காரணம் அதுதான். ‘போட்டுட்டான்’ என்கிறோமே, அந்த ‘அவன்’ யார் என்று நான் யோசித்தது ஒரே ஒரு நாள்தான்.

1987 என்று ஞாபகம். அப்பாவுக்கு நெஞ்சு வலி. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தால், கேட் மூடியிருக்கிறது. குறுக்கே ஒரு கூட்ஸ் வண்டி அசையாமல் நிற்கிறது. கேட்மேனிடம் ஓடினேன். “சார், சிக்னல் கிடைக்காம வண்டி நகராது. வண்டி போகாம நான் கேட்டைத் தூக்க முடியாது” என்றார். அவர் முகத்திலும் பதற்றம்தான். இருபது நிமிடத்துக்கு மேல் நின்றோம். அப்பா பிழைத்துவிட்டார். ஆனால் அன்று யாரிடம் போய்க் கேட்பது என்றே எனக்குத் தெரியவில்லை.

நம் ஊர் வழியாகப் போகும் தடம் சாதாரணமானதல்ல. 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இந்த வழியாகத்தான் போனது. அப்போது ரயில் நடத்தியது மெட்ராஸ் ரயில்வே என்ற கம்பெனி. சாலை குறுக்கிடும் இடத்தில் கேட் வைக்கவும், திறந்து மூட ஆள் போடவும் கம்பெனிக்கு உத்தரவிடும் அதிகாரத்தை 1890ஆம் வருட ரயில்வே சட்டம் அரசாங்கத்துக்குக் கொடுத்தது. ஆனால் எத்தனை நிமிடம் மூடி வைக்கலாம் என்று சொல்லவில்லை.

பிறகு 1989இல் புதுச் சட்டம் வந்தது. அதன் 160ஆம் பிரிவுப்படி, மூடிய கேட்டை நாம் திறந்தால் 3 வருடம் வரை சிறை, உடைத்தால் 5 வருடம் வரை. உயிர் காக்கும் விதி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் நம்மைக் காக்க வைப்பதற்கு அந்தச் சட்டத்தில் நிமிடக் கணக்கு எதுவும் இல்லை.

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலம் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தது. ஐந்து நிமிடத்துக்கு மேல் சாலையை மறித்தால் ரயில் கம்பெனிக்கு அபராதம். சி.எஸ்.எக்ஸ். கம்பெனி மீது வழக்கும் போட்டார்கள். ரயில் விஷயம் மத்திய அரசின் சட்டத்துக்கு உட்பட்டது, மாநிலச் சட்டம் செல்லாது என்று 2022இல் ஒஹையோ உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டை ஏற்கவில்லை. அங்கேயும் ‘அவன்’ அகப்படவில்லை!

நம் ஊரில் வழி வேறு. ஒரு நாளில் போகும் ரயில்களையும் சாலை வண்டிகளையும் பெருக்கி, 1 லட்சத்தைத் தாண்டினால் அந்த இடம் மேம்பாலத்துக்குத் தகுதி பெறும். செலவு ரயில்வேக்குப் பாதி, மாநிலத்துக்குப் பாதி. தண்டவாளத்துக்கு மேலே உள்ள பகுதியை ரயில்வே கட்டும். இரண்டு பக்கச் சரிவுப் பாதையை மாநில நெடுஞ்சாலைத் துறை நிலம் எடுத்துக் கட்டும்.

வினையே அங்கேதான். நடுப்பகுதி மட்டும் தனியாக நிற்கும், ஏற வழி இருக்காது. வேப்பம்பட்டில் பல வருடம் அப்படித்தான் நின்றது. 2023 நவம்பரில் அங்கே தண்டவாளத்தைக் கடந்த ஒரு தகப்பனாரும் அவருடைய இரண்டு மகள்களும் ரயில் மோதி இறந்துபோனார்கள். செய்தியைப் படித்த அன்று எனக்கு அந்த ஆட்டோ ஞாபகம்தான் வந்தது.

வேலையைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம். பொறுப்பைப் பிரித்தால் அது யாரிடமும் இருக்காது. அதனால் உங்கள் பகுதியில் பாலம் பாதியில் நின்றால், ரயில்வேக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள். அடுத்தவருக்கும் நகல் போகிறது என்று அதிலேயே எழுதுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்டால், யார் பங்கு பாக்கி என்று எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். நம்மைப் போல ஓய்வு பெற்றவர்களுக்கு அதற்கு நேரம் இருக்கிறது. ஆட்டோவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருப்பவருக்கு இல்லை.