காதுக்குள்ள 'கொய்ங்'னு சத்தம்... மாத்திரை சாப்பிட்டா நிக்குமா? டானிக், சத்து மாத்திரை வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

"ரெண்டு காதுலயும் கொய்ங்னு கேட்டுட்டே இருக்குதுங்க. மாத்திரை ஏதாச்சும் இருக்குங்களா?"

சோமனூர், பல்லடம், மங்கலம் பக்கம் மெடிக்கல் கடை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி புதுசாக இருக்காது. விசைத்தறி, நூற்பாலை, ஃபவுண்டரி, பம்ப் பட்டறை என்று நாள் முழுக்க இரைச்சலில் உழைக்கும் பகுதி இது. ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து படுத்தால், தறி நின்ற பிறகும் காதுக்குள் ஏதோ ஓடிக்கொண்டே இருக்கும். சிலருக்கு சில்வண்டு கத்துவது போல, சிலருக்கு குக்கர் விசில் போல. வெளியே சத்தம் எதுவும் இல்லாமலே இப்படிக் கேட்பதைத்தான் டாக்டர்கள் 'டின்னிடஸ்' என்கிறார்கள். தமிழில் காதிரைச்சல்.

கேள்விக்கு நேரடியான பதில் இதுதான்: காதிரைச்சலை நிறுத்துவதற்கென்று நிரூபிக்கப்பட்ட மாத்திரை இன்றைக்கு இல்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எப்.டி.ஏ. இதற்காக ஒரு மருந்தைக்கூட அனுமதிக்கவில்லை. ஆனால் 'மாத்திரை இல்லை' என்பதும் 'ஒண்ணும் பண்ண முடியாது' என்பதும் ஒன்றல்ல. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்.

சத்தம் எங்கிருந்து வருது?

உள்காதில் நத்தைக்கூடு மாதிரி ஒரு பகுதி இருக்கிறது. அதற்குள் சுமார் 15 ஆயிரம் மெல்லிய முடிச் செல்கள். வெளியிலிருந்து வரும் ஒலியை நரம்புக்குப் புரியும் மின் சமிக்ஞையாக மாற்றுவது இவைதான். அதிக சத்தத்திலேயே வருஷக்கணக்கில் இருந்தால் இந்தச் செல்கள் செத்துப்போகும். செத்தது செத்ததுதான், மனிதக் காதில் திரும்ப முளைக்காது.

காதிலிருந்து வரும் சமிக்ஞை குறைந்தால் மூளை என்ன செய்யும்? ரேடியோவில் ஸ்டேஷன் சரியாக எடுக்காதபோது நாம் வால்யூமைக் கூட்டுவோம் இல்லையா, கிட்டத்தட்ட அதையே செய்கிறது. அப்போது கூடவே வரும் 'உஸ்ஸ்' சத்தம்தான் காதிரைச்சல் என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். அதாவது பாதிப்பு தொடங்குவது காதில், சத்தத்தை உண்டாக்குவது மூளை. ஒரே மாத்திரையால் இதைச் சரிசெய்வது ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்பதற்கும் இதுவே காரணம்.

ஓரளவு இரைச்சல் எல்லோருக்குள்ளும் உண்டு என்பது இன்னொரு விஷயம். 1953-ல் ஹெல்லர், பெர்க்மேன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், காது நன்றாகக் கேட்கும் 80 பேரை சத்தமே புகாத அறையில் உட்கார வைத்தார்கள். அவர்களில் 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்பதாகச் சொன்னார்கள்.

உலக அளவில் வயது வந்தவர்களில் சுமார் 14 சதவீதம் பேருக்கு, அதாவது 74 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு, காதிரைச்சல் அனுபவம் உண்டு என்கிறது 2022-ல் 'ஜாமா நியூராலஜி' இதழில் வந்த தொகுப்பாய்வு. கடுமையாக அவதிப்படுபவர்கள் சுமார் 2 சதவீதம்.

கடையில் கிடைக்கும் மாத்திரைகள் என்ன சொல்கின்றன?

அதிகம் பேர் தேடி வாங்குவது ஜிங்கோ பைலோபா. ஒரு மரத்தின் இலைச் சாறு. 'ரத்த ஓட்டத்தைக் கூட்டும், காது நரம்புக்கு நல்லது' என்று விற்கப்படுகிறது. இதை 2001-லேயே பிரிட்டனில் பெரிய அளவில் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 1,121 பேர், 12 வாரம். பாதிப் பேருக்கு ஜிங்கோ, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. முடிவில் இரண்டு பக்கமும் வித்தியாசம் இல்லை. இதய நோய்க்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் ஜிங்கோவையும் சேர்த்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும் என்பதையும் மறக்கக்கூடாது.

அடுத்து துத்தநாகம், அதாவது ஜிங்க் மாத்திரை. இது பற்றிய ஆய்வுகளை 2016-ல் காக்ரேன் அமைப்பு தொகுத்தபோது தேறியவை மூன்றே ஆய்வுகள், மொத்தம் 209 பேர். பலன் தரும் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. 'சத்து மாத்திரைதானே' என்று மாதக்கணக்கில் அதிக அளவு ஜிங்க் எடுத்தால் உடம்பில் தாமிரச் சத்து குறையும்.

நம்ம ஊரில் 'நரம்பு மாத்திரை' என்று கேட்டால் கொடுப்பது பெரும்பாலும் மெத்தில்கோபாலமின், அதாவது வைட்டமின் பி12. ரத்தப் பரிசோதனையில் பி12 குறைவாக இருந்தால் கண்டிப்பாக எடுக்க வேண்டியதுதான். கறி, முட்டை, பால் சேர்க்காதவர்களுக்குக் குறைபாடு வர வாய்ப்பும் உண்டு. ஆனால் பி12 சரியான அளவில் இருப்பவர் ஊசியாகவே போட்டுக்கொண்டாலும் இரைச்சல் நிற்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

தலைசுற்றலுக்குக் கொடுக்கும் பீட்டாஹிஸ்டினையும் காதிரைச்சலுக்கு எழுதும் பழக்கம் இருக்கிறது. தலைசுற்றலும் சேர்ந்து வரும் மெனியர் நோய்க்கு இதைக் கொடுப்பது தனி விஷயம். வெறும் இரைச்சலுக்கு பீட்டாஹிஸ்டின் கொடுக்க வேண்டாம் என்று பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு 2020-ல் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. கரோவெரின் என்ற மருந்துக்கும் இதே கதை. 1997-ல் ஆஸ்திரியாவில் அதை நரம்பு வழியாக ஏற்றிப் பார்த்து நல்ல பலன் என்றார்கள். அடுத்த ஆண்டே வந்த இன்னொரு ஆய்வில் அந்தப் பலனைக் காணோம்.

கவனமாக இருக்க வேண்டியது அல்பிரசோலம் போன்ற மாத்திரைகள் விஷயத்தில்தான். சாப்பிட்டால் தூக்கம் வரும், பதற்றம் அடங்கும், அன்றைக்கு இரைச்சலும் குறைந்த மாதிரி தெரியும். சில வாரத்தில் அது இல்லாமல் தூங்கவே முடியாத நிலை வரும். திடீரென நிறுத்தினால் இரைச்சல் முன்பைவிட அதிகமாகக் கேட்கலாம். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத 'எச்1' பட்டியலில் உள்ள மருந்து இது. பக்கத்து வீட்டுக்காரர் சீட்டைக் காட்டி வாங்கவே வாங்காதீங்க. ஏற்கெனவே சாப்பிட்டு வருபவர்கள் தானாக நிறுத்தவும் வேண்டாம். டாக்டர் மூலம் படிப்படியாகக் குறைக்க வேண்டிய மாத்திரை.

"எனக்குக் கேட்டுதே!" என்பவர்கள் பொய் சொல்கிறார்களா?

இல்லை. காதிரைச்சல் ஒரே அளவில் இருப்பதில்லை, ஏறும், இறங்கும். ஒருவர் மெடிக்கலுக்குப் போவது எப்போது? அது உச்சத்தில் இருக்கும்போது. மாத்திரை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அடுத்த இரண்டு வாரத்தில் அது இறங்கியிருக்கவே வாய்ப்பு அதிகம். பேர் மாத்திரைக்குப் போய்விடுகிறது.

53 நாடுகளைச் சேர்ந்த 1,788 பேரிடம் எடுத்து 2016-ல் வெளியான கணக்கெடுப்பில், கிட்டத்தட்ட நான்கில் ஒருவர் ஏதோ ஒரு சத்து மாத்திரை எடுத்திருந்தார். அவர்களில் 70.7 சதவீதம் பேர் 'ஒரு மாற்றமும் இல்லை' என்றார்கள். 19 சதவீதம் பேருக்குக் குறைந்தது. 10.3 சதவீதம் பேருக்குக் கூடிவிட்டது!

டப்பாவைத் திருப்பிப் பார்த்தாலே ஒரு விஷயம் புரியும். சத்து மாத்திரைகள் மருந்துச் சட்டத்தில் வருவதில்லை, உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று லேபிளில் அச்சடித்தே ஆக வேண்டும் என்பது விதி. முன்பக்கம் காது படம், பின்பக்கம் பொடி எழுத்தில் இந்த வரி.

சில மாத்திரைகளே இரைச்சலைக் கொண்டுவரும்

மூட்டுவலிக்கு அதிக அளவில் எடுக்கும் ஆஸ்பிரின், மலேரியாவுக்கான குயினைன், ஜென்டாமைசின், அமிகாசின் வகை ஊசிகள், புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டின், நீர் பிரிய கொடுக்கும் ஃபுரோசமைடு. ஆஸ்பிரினால் வந்த இரைச்சல் மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் போய்விடும். ஜென்டாமைசின், சிஸ்பிளாட்டின் பாதிப்பு நிரந்தரமாகலாம். புதிதாக ஒரு மருந்து ஆரம்பித்த பிறகு சத்தம் தொடங்கியதா என்று யோசித்துப் பாருங்கள். மருந்து கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களே நிறுத்திவிடாதீர்கள்.

வீட்டு வைத்தியத்தில் ஒன்றை மட்டும் சொல்லியே ஆகணும். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடுவது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் நேராக நடுக்காதுக்குள் போய்விடும். காது அழுக்கு அடைத்திருப்பதுதான் காரணம் என்றால், இ.என்.டி. டாக்டர் சில நிமிடங்களில் எடுத்துவிடுவார். அதோடு இரைச்சலும் போனவர்கள் நிறையப் பேர்.

டம்ளர் விழுந்தாலே உசுரு போற மாதிரி இருக்கா?

இரைச்சலோடு கூடவே சிலருக்கு இன்னொரு தொல்லை. எவர்சில்வர் டம்ளர் கீழே விழுந்தால், குழந்தை கத்தினால், உக்கடம் சிக்னலில் ஹார்ன் அடித்தால் தாங்க முடியாது. சாதாரண சத்தமே வலியாகத் தெரியும். இதை 'ஹைப்பராகுசிஸ்' என்கிறார்கள். காது மந்தமானவர்களிடம் வேறு ஒரு வகை உண்டு. மெதுவாகப் பேசினால் "என்ன சொன்ன?" என்பார்கள், கொஞ்சம் சத்தமாகப் பேசினால் "ஏன் கத்தற?" என்பார்கள். வீட்டில் இதை வீம்பு என்று நினைக்கிறோம். முடிச் செல்கள் போனதன் விளைவு அது.

ஒலிக்கூச்சத்துக்கும் நிரூபிக்கப்பட்ட மாத்திரை இல்லை. பயந்துபோய் நாள் முழுக்க காதை அடைத்துக்கொள்வது நிலைமையை மோசமாக்கும். ஒலி வராத மூளை வால்யூமை இன்னும் ஏற்றும். தறிக்கூடத்தில் அடைப்பான் வேணும், வீட்டுக்கு வந்தால் கழற்றிவிட வேணும். ஃபேன் ஓடும் சத்தம், மழைச் சத்தம், மெல்லிய பாட்டு என்று தாங்கக்கூடிய ஒலியோடு காதை மெதுவாகப் பழக்குவதுதான் சிகிச்சையின் அடிப்படை. ராத்திரி இரைச்சலால் தூக்கம் வராதவர்களுக்கும் இது கைகொடுக்கும். முழு அமைதியான அறையில்தான் இரைச்சல் பெரிதாகக் கேட்கும்.

அப்போ எதுக்குப் பலன் இருக்கு?

அமெரிக்க இ.என்.டி. டாக்டர்கள் சங்கம் 2014-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் ஜிங்கோ, மெலடோனின், ஜிங்க் போன்றவற்றைப் பரிந்துரைக்கக் கூடாது என்கிறது. வேண்டும் என்று சொல்வது இரண்டை. ஒன்று கேட்புத்திறன் பரிசோதனை, தேவைப்பட்டால் காது கேட்கும் கருவி. வெளி ஒலி சரியாக உள்ளே போனால் மூளை வால்யூமைக் கூட்ட வேண்டிய அவசியம் குறையும். இன்னொன்று சி.பி.டி. எனும் மனப்பயிற்சி. 2020 காக்ரேன் தொகுப்பில் 28 ஆய்வுகள், 2,733 பேர். சத்தத்தின் அளவு குறைவதில்லை, அது வாழ்க்கையைக் கெடுப்பது குறைகிறது. மனநல டாக்டரிடம் அனுப்பினால் 'எனக்கென்ன பைத்தியமா' என்று கோபப்பட வேண்டாம், இதற்காகத்தான் அனுப்புகிறார்கள். 2023 மார்ச்சில் எப்.டி.ஏ. அனுமதி கொடுத்ததும் மாத்திரைக்கு அல்ல; ஒலியையும் நாக்கில் லேசான மின்தூண்டலையும் சேர்த்துத் தரும் ஒரு கருவிக்கு.

காரணம் பிடிபட்டால் மாத்திரைக்கும் வேலை உண்டு. நாடித்துடிப்போடு சேர்ந்து 'டப் டப்' என்று கேட்கும் இரைச்சலுக்கு ரத்தசோகை காரணமாக இருந்தால், இரும்புச் சத்து மாத்திரையே போதும். அதே துடிப்புச் சத்தம் ரத்தக்குழாய் பிரச்சினையாகவும் இருக்கலாம் என்பதால் பரிசோதனை அவசியம். ஒரு காதில் மட்டும் இரைச்சல் என்றால் நரம்புக் கட்டி இல்லை என்று உறுதி செய்ய எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள்.

எல்லாவற்றையும்விட அவசரமானது இது: திடீரென ஒரு காது கேட்காமல் போய், கூடவே இரைச்சல். 'சளி அடைச்சிருக்கும்', 'தண்ணி போயிருக்கும்' என்று விட்டுவிடுவோம். உள்காது பாதிப்பாக இருந்தால் ஸ்டீராய்டு கொடுத்துப் பார்க்க இரண்டு வாரம்தான் அவகாசம். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. மாத்திரை உண்மையிலேயே காதைக் காப்பாற்றக்கூடிய நேரம் இது. சத்து மாத்திரையை முயற்சி பண்ணிப் பார்க்கலாம் என்று ஒரு மாதம் ஓட்டினால் அந்த வாய்ப்பு போய்விடும்.

தறிக்கூடத்துல இருக்கறவங்க என்ன செய்யணும்?

விசைத்தறிக் கூடத்தில் சத்தம் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். இந்தியாவில் தொழிற்சாலைகளுக்கான உச்ச அளவு 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல். அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு 85-தான் என்கிறது. அதுவும் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரத்தைப் பாதியாக்கச் சொல்கிறது. அந்தக் கணக்கில் 100 டெசிபலில் 15 நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது. இங்கே நிற்பது முழு ஷிப்ட்.

பஞ்சு கைக்கெட்டும் ஊர் என்பதால் பலர் பஞ்சையே காதில் திணித்துக்கொள்கிறார்கள். அது சத்தத்தைக் கொஞ்சம்தான் தடுக்கும். ஃபோம் காதடைப்பானை விரலால் உருட்டி மெல்லிசாக்கி, மற்ற கையால் காதை மேலே இழுத்து உள்ளே விட்டு, அது விரியும் வரை பிடித்திருக்க வேண்டும். பாதி வெளியே தொங்கினால் போட்டும் பிரயோஜனம் இல்லை.

சத்தத்தால் வரும் காது கேளாமை, இ.எஸ்.ஐ. திட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தில் தெரிவிக்கப்பட வேண்டிய நோயாகவும் சேர்க்கப்பட்டது. இ.எஸ்.ஐ. கார்டு உள்ளவர்கள் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போகும்போது 'காதுல சத்தம்' என்பதோடு நிறுத்தாமல், எந்த வேலை, எத்தனை வருஷம், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்பதையும் சொல்லிச் சீட்டில் பதிவு செய்யச் சொல்லுங்கள். பின்னால் இழப்பீடு கேட்க நேர்ந்தால் அந்தப் பதிவு உதவும். சிறு தறிக்கூடங்களில் இ.எஸ்.ஐ. இல்லாமல் வேலை செய்பவர்கள் கோவை, திருப்பூர், பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போகலாம். கேட்புத்திறன் இழப்பு அதிகமாக இருந்தால், காது கேட்கும் கருவிக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.

போகும்போது இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், சத்து மாத்திரை டப்பா உட்பட, ஒரு பையில் எடுத்துப் போங்கள். இரைச்சலால் தூக்கமே இல்லை, வாழ்க்கையே வெறுத்துப்போகுது என்ற அளவுக்கு மனம் நொந்தால் 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.